முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் சொல்றோம்

போன வாரம் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'என்ன மேடம், ஊரில் இல்லையா?' என்று மெசேஜ் அனுப்பியவர்களுக்கு நன்றி. ஊரில்தான் இருந்தேன். சேலத்தில்தான். ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில், கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில்...

எனக்கு ஒன்றுமில்லை. என் சுகர் வழக்கம்போல அதன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. படுத்தது சரசு அண்ணி.

அண்ணி என்றால் எங்க வீட்டுக்காரரின் அக்கா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். கணவர் தவறிப் பல வருஷம் ஆச்சு. மகள் பெங்களூரில். ரெண்டு எருமை, கொஞ்சம் மஞ்சள், நீண்ட கால சுகர் — இதுதான் இன்றைக்கு அண்ணியின் குடும்பம்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தம்பியும் உண்டு. குமரேசன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே என் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கி வளர்த்தது முழுக்க அண்ணிதான். அதனாலேயே அவன் மட்டும் அண்ணியை 'நீ, வா, போ' என்பான். எங்க வீட்டுக்காரர் அக்காவைக் கூப்பிடுவது 'வாங்க, போங்க'தான். நான் ஆத்தூர்க்காரி. பூனையைக்கூட 'போங்க' என்று விரட்டுகிற இந்தப் பக்கத்து மரியாதை பழக எனக்கு ரொம்ப நாள் ஆனது!

குமரேசன் ரிக் வண்டி வைத்திருக்கிறான். போர்வெல் போடுகிற லாரி. வருஷத்தில் பாதி நாள் வடக்கேதான் ஓட்டம். அன்றைக்குக் காலையில் மத்தியப் பிரதேசத்திலிருந்து அவனுடைய மேனேஜர் போன் செய்தார். வண்டியிலிருந்து இரும்பு ராடுகளை இறக்கும்போது சரிந்துவிட்டதாம். வலது கால் நசுங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, நினைவு இருக்கிறது, பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இன்றைக்கே ஆபரேஷன் என்றார்.

எங்க வீட்டுக்காரர் போனை வைத்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அக்காவுக்குத் தெரியக் கூடாது. சுகர் இருக்குது. தாங்க மாட்டாங்க."

நம் வீடுகளில் இது எழுதாத சட்டம், இல்லையா? சுகர்காரர் இருக்கிற வீட்டில் ஜாங்கிரியை எந்த அலமாரியில் ஒளிக்கிறோமோ அதே அலமாரியில் கெட்ட சேதியையும் ஒளித்துவிடுவோம். நானும் சுகர்காரிதான். எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ... கடவுளுக்கே வெளிச்சம்.

சரி, எப்படி மறைப்பது? அண்ணியின் ஊரில் வீட்டுக்கு வீடு ரிக் வண்டி. வடக்கே ஒரு போல்ட் கழன்றால் இங்கே வாட்ஸ்அப்பில் மணி அடிக்கும். யாராவது வாயை விடுவதற்குள் அண்ணியைச் சேலத்துக்குக் கூட்டி வந்துவிடலாம், ஆபரேஷன் முடிந்து ஒரு நல்ல சேதி வந்ததும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் — இதுதான் திட்டம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கிளம்பிவிட்டோம்.

இப்போது அண்ணியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வேலை நாள். சேலத்தில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற தம்பி, கடையைப் பூட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பெண்டாட்டியோடு வாசலில் வந்து நிற்கிறார்.

"என்னங்கடா, திடீர்னு?" என்றார் அண்ணி, எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

"சும்மாதானுங்க்கா. பார்த்துட்டுப் போலாம்னு..."

"உள்ள வாங்க. காப்பி வெக்கறேன்."

"காப்பியெல்லாம் வேண்டாமுங்க்கா. நீங்க சாப்பிட்டீங்களா? முதல்ல சாப்பிடுங்க. மாத்திரை போட்டாச்சா? ரெண்டு துணி எடுத்துக்கங்க. நம்ம ஊட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் வேறு என்ன சொல்ல வேண்டும்?

நம் ஊரில் சாவுச் சேதி சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் சாப்பிட வைப்பார்கள். அப்புறம் சாவு வீட்டுக்குப் போனால் சாப்பிட முடியாதே! மாத்திரை போட்டாச்சா என்று கேட்பார்கள். மாற்றுத் துணி எடுக்கச் சொல்வார்கள். 'சும்மாதான்' என்பார்கள். இதையெல்லாம் அண்ணி எத்தனை பேருக்குச் செய்திருப்பார்! எத்தனை பெண்களை இப்படிச் சாப்பிட வைத்து, கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருப்பார்! நாங்கள் மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் அதையே செய்துகொண்டிருந்தோம்.

அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு இட்லி சாப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் எருமைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். துணிப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். "போனைக் குடுங்க்கா, சார்ஜ் போட்டு வெக்கறேன்" என்று எங்க வீட்டுக்காரர் வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சார்ஜர் பாக்கெட்டிலா இருக்கிறது? நல்ல வேளை, இவர் போலீஸ் வேலைக்குப் போகவில்லை.

காரில் ஏறினால் பழைய பாட்டு போடாமல் ஓட்டத் தெரியாத மனுஷர். அன்றைக்கு டேப் பக்கமே கை போகவில்லை. சங்ககிரி தாண்டும்போது அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குமரேசன் பேசினானா?"

"ம்... பேசினான், பேசினான். அங்க டவரே இல்லைங்களாம்."

பேசினானாம், டவர் இல்லையாம்! நான் பின்சீட்டில் பல்லைக் கடித்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

மதியம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். நெற்றி, கழுத்தெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடுகிறது, ஜாக்கெட் நனைந்திருக்கிறது. மூச்சு இழுக்கிறது.

"நெஞ்சு வலிக்குதா அண்ணி?"

"வலியெல்லாம் இல்லை அம்மிணி. ஒரு மாதிரி படபடன்னு வருது. நீ சாப்பிடு."

எங்க வீட்டுக்காரர் அடுப்படிக்கு ஓடினார். "லோ சுகர்! லோ சுகர்!" ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சுகர்காரர் வேர்த்தால் சர்க்கரை கொடு — நமக்குத் தெரிந்த ஒரே டாக்டர் வேலை அதுதானே? நான் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு, என் சுகர் மெஷினில் அண்ணியின் விரலைக் குத்திப் பார்த்தேன். லோவும் இல்லை, ஒன்றும் இல்லை. எகிறிக்கிடந்தது!

"மெஷின் தப்பு" என்றார் இவர்.

"தப்பு மெஷின்ல இல்லைங்க. காரை எடுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும் ஓடினார்கள். ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கிறது, உடனே ஆஞ்சியோ பார்க்க வேண்டும் என்றார்கள். எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். காலையில் தம்பி, மதியம் அக்கா. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் சாமிக்கு நேர்ந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை. வெறுமனே கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். சுறுசுறுப்பான பேச்சு.

"ரத்தக்குழாயில பெரிய அடைப்பு எதுவும் இல்லை. ஆனா இதயம் சரியா சுருங்கலை" என்றார். ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். மேல் பக்கம் சுருங்குகிறது. கீழ் நுனி சுருங்காமல் பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கிற ஜாடி ஒன்று உண்டாம். அந்த வடிவத்தில் இருப்பதால் அந்த ஜாடியின் பேரையே இந்த வியாதிக்கு வைத்துவிட்டார்களாம். எனக்கு நம்ம ஊர் சொம்பு மாதிரி தெரிந்தது.

பெரிய அதிர்ச்சி, துக்கம், பயம் வரும்போது உடம்பு சில ஹார்மோன்களை ஒரேயடியாகக் கொட்டுமாம். அந்த வெள்ளத்தில் இதயத் தசை திகைத்து நின்றுவிடுகிறது. வயதான பெண்களுக்குத்தான் அதிகம் பார்க்கிறோம் என்றார். அந்த ஹார்மோன்களே சர்க்கரையையும் ஏற்றிவிடுமாம்.

"சுகராலதான் இது வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டேன். என் பயம் எனக்கு.

"அப்படிச் சொல்ல முடியாது. சுகர் இருந்தா இது அதிகமா வருமா, குறைவா வருமான்னு எங்களுக்குள்ளயே இன்னும் பேச்சு ஓடிட்டிருக்கு. ஆனா ரொம்ப நாள் சுகர் இருந்தா நரம்பு மரத்துப்போகும். நெஞ்சு வலி சரியாத் தெரியாது. வேர்வை, மூச்சு வாங்கறது, அசதி... அவ்வளவுதான் தெரியும். வீட்ல லோ சுகர்னு நினைச்சுட்டு உக்காந்திருப்பாங்க." எங்க வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "பெரும்பாலும் சில வாரத்துல இதயம் பழையபடி தேறிடும். ஆனா முதல் ஓரிரு நாள் சாதாரணமில்லை. பி.பி. இறங்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம். இப்ப இவங்க பி.பி. எனக்குப் பிடிக்கலை."

அப்புறம் எங்களை ஐ.சி.யூ.வுக்குள் அழைத்துப்போனார். அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். மார்பெல்லாம் ஒயர்.

"சமீபத்துல ஏதாவது துக்கம்? பயம், சண்டை, கெட்ட செய்தி... ஏதாவது?" டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றே கேட்டார்.

எங்க வீட்டுக்காரர் அண்ணியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

டாக்டருக்கு இந்தச் சிமிட்டல் புரியவில்லை. எதற்கு வியாதி வந்தது என்று கண்டுபிடிக்க அவர் கேட்கிறார். நோயாளி காதில் விழுந்துவிடக் கூடாதென்று இவர் மறைக்கிறார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஏஞ்சாமி மறைக்கறே? குமரேசன் போயிட்டான்னு சொல்லீரு. எப்ப கொண்டாராங்க? எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

எங்க வீட்டுக்காரர் கட்டில் பக்கம் போய்க் குனிந்தார்.

"டாக்டரம்மா கேக்கறாங்கல்ல, சொல்லு. ஒயரெல்லாம் கழட்டிட்டு என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க. மூஞ்சிய ஒருக்கா பார்க்கோணும். அப்புறம் நீங்க என்னமோ பண்ணிக்கங்க."

"அக்கா! என்னங்க்கா சொல்றீங்க! அவன் உசுரோட இருக்கானுங்க!" எங்க வீட்டுக்காரர் கத்தியேவிட்டார்.

அண்ணி கண்ணைத் திறந்தார். கோபமே இல்லை. ஒரு மாதிரி பாவமாகத் தம்பியைப் பார்த்தார். "கடையப் பூட்டிட்டு வந்தே. சாப்பிடச் சொன்னே. துணி எடுக்கச் சொன்னே. போனை வாங்கி வெச்சுக்கிட்டே. நான் எத்தனை எழவு பார்த்தவ... எனக்குத் தெரியாதா சாமி? நான் கேட்டா நீ அழுதுருவேன்னுதான் கேக்காம வந்தேன்."

யோசித்துப் பாருங்கள். நாங்கள் அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறவனுக்காகக் காலையிலிருந்து ஒரு பொம்பளை சத்தமில்லாமல் மாரடித்திருக்கிறாள். இதயம் திகைக்காமல் என்ன செய்யும்?

டாக்டர் எங்களை வெளியே கூட்டிவந்தார். விஷயத்தைக் கேட்டார். "முதல்ல அந்தத் தம்பியைப் பேச வைங்க. மருந்து நான் குடுப்பேன். ஆனா அவங்க நினைப்பு மாறாம மருந்தால மட்டும் எவ்வளவு முடியும்? இன்னொண்ணு... இனிமே அவங்ககிட்ட பொய் சொல்லாதீங்க. இதையும் சீட்டுல எழுதித் தரணுமா?"

போன் போட்டோம். மேனேஜர் எடுத்தார். அண்ணி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதைச் சொன்னோம். "இப்பத்தாங்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனாரு. முடிய நேரமாகுமுங்க."

போச்சுடா! உள்ளே போய்ச் சொன்னால் யார் நம்புவது? இருந்தாலும் நானே போய்ச் சொன்னேன். "அண்ணி, ராடு விழுந்து கால்ல பலமான அடி. ஆபரேஷன் நடக்குது. முடிஞ்சதும் பேசுவாப்ல. சத்தியமா." அண்ணி "சரி அம்மிணி" என்றார். என் கையை ஒருதரம் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் முழுக்கப் பொய் சொன்ன வீட்டில், மெய்யைச் சொல்லி நம்பவைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

வெளியே உட்கார்ந்தோம். நர்ஸ் வந்து மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பி.பி. ஏறவில்லையாம். எங்க வீட்டுக்காரர் வராண்டாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். மனுஷர் ஜன்னல் ஓரமாகத் திரும்பி நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன். இவருக்கும் அவர் அக்கா, அவன் தம்பி.

பொழுது சாயும் நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். ஆபரேஷன் முடிந்தது. காலைக் காப்பாற்ற முடியவில்லை, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்துவிட்டது, பேசுகிறார்.

எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "பேசட்டும். கால் விஷயம் மட்டும் இப்ப வேண்டாம். தாங்க..."

"மாட்டாங்க" என்று அவர் முடிப்பதற்குள் நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீடியோ காலோடு உள்ளே போனோம். டாக்டரும் மானிட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். திரையில் குமரேசன். கன்னம் வீங்கி, உதடு காய்ந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அண்ணி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்ப எடுத்தது இது?" என்றார் மெல்ல.

நம்பவில்லை! பழைய வீடியோ என்று நினைக்கிறார்!

அந்தப் பக்கத்திலிருந்து குமரேசனின் குரல் கரகரவென்று வந்தது. "அக்கா? நீ ஏன் கட்டில்ல கெடக்கறே? அதென்ன ஒயரு? உனக்கு என்னாச்சு? டேய் மேனேஜரு, எங்கக்காவுக்கு என்னடா ஆச்சு? என்கிட்ட ஏன்டா ஒருத்தனும் சொல்லலை? அண்ணா! எங்கண்ணனைக் கூப்பிடு மொதல்ல! அக்காவுக்கு இப்படி இருக்கறப்ப என்கிட்ட மறைக்கறீங்களா?"

ஆமாம். அந்தப் பக்கமும் இதே கதைதான். 'ஆபரேஷன் ஆன ஆள், தாங்க மாட்டார்' என்று மேனேஜர் அவனிடம் மறைத்திருக்கிறார்.

அண்ணியின் முகம் மாறியது. கை மெதுவாக மேலே வந்து திரையைத் தொட்டது. "திட்டறான்... என்னையப் பார்த்துட்டுத்தான் திட்டறான்..." என்றார். அப்புறம், "கத்தாதடா. எனக்கு ஒண்ணுமில்லை. நீ கத்தாத சாமி" என்றார். காலையிலிருந்து ஒரு சொட்டு விடாத கண்ணிலிருந்து அப்போதுதான் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான். டாக்டர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரிடமிருந்தும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மாறி மாறி எங்களைத் திட்டினார்கள். தாராளமாகத் திட்டட்டும் என்று வாங்கிக்கொண்டோம். பிறகு அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனைக் கீழ காட்டச் சொல்லு. காலைப் பார்க்கோணும்" என்றார்.

குமரேசன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். மேனேஜர் போனை அசைக்கவில்லை. எங்க வீட்டுக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், சொல்லுங்கள் என்று தலையசைத்தார். இவர் கட்டிலின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா... வலது கால் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அண்ணி கண்ணை மூடினார். நான் மானிட்டரைப் பார்த்தேன். அதில் ஓடுகிற கோடு எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி மறுபடி கண்ணைத் திறந்து, திரையில் தலை குனிந்திருந்த தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"நிமுந்து பாருடா. காலையில இருந்து முழு ஆளையும் பறிகுடுத்துட்டு உக்காந்திருந்தேன். இப்ப ஒரு கால் போக மீதி அத்தனையும் எனக்குத் திரும்பி வந்திருக்குது."

இந்த மனுஷிக்குத்தான் தெம்பு பத்தாதென்று, தெம்பில்லாத நாங்கள் ரெண்டு பேர் கார் எடுத்துக்கொண்டு போனோம்!